சி-பெட் வந்தால் என்ன செய்வது? நோ-லிமிட் போக்கருக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

போக்கரின் ஒரு வகையான நோ-லிமிட் ஹோல்டெம் ஆட உட்காரும் எல்லோருக்கும் முதல் அரைமணி நேரத்திலேயே வந்துவிடும் சிக்கல் இது. ஒருவர் ரெய்ஸ் செய்கிறார் (பந்தயத்தை உயர்த்துகிறார்), நீங்கள் கால் செய்கிறீர்கள் (அதே தொகையைப் போடுகிறீர்கள்). ஃப்ளாப்பில் எல்லோருக்கும் பொதுவான முதல் மூன்று சீட்டு விழுகிறது. உங்களுக்குப் பெரிதாக எதுவும் சேரவில்லை. அவர் மறுபடியும் பெட் வைக்கிறார். இப்போது என்ன செய்வது?

ஃப்ளாப்புக்கு முன் கடைசியாக ரெய்ஸ் செய்தவர், ஃப்ளாப் விழுந்த பிறகும் விடாமல் வைக்கிற பெட்டுக்குத்தான் கன்டினியூவேஷன் பெட் என்று பெயர். சுருக்கமாக சி-பெட். இதற்குப் பதில் சொல்லக் கற்க எனக்கு நெடுநாள் பிடித்தது. கணக்கு ஓரிடத்தில், ஆளைப் படிப்பது வேறிடத்தில், டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) என்ன செய்வது என்பது எங்குமே இல்லை என்று எல்லாம் சிதறிக் கிடந்தது. அதையெல்லாம் வரிசைப்படுத்தி இங்கே எழுதியிருக்கிறேன். எந்தக் கை எதை வெல்லும் என்பதும் பிளைண்ட், பட்டன், பாட் போன்ற அடிப்படைச் சொற்களும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கட்டுரை முழுவதற்கும் அடியில் இருக்கும் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதியவர்கள் ஃப்ளாப்பில் அளவுக்கு மீறி ஃபோல்டு செய்கிறார்கள், அதாவது சீட்டைக் கீழே போட்டு விலகுகிறார்கள். டர்னிலும், ஐந்தாவதும் கடைசியுமான பொதுச் சீட்டு விழும் ரிவரிலும் அளவுக்கு மீறி கால் செய்கிறார்கள். இரண்டையும் தலைகீழாக்கினாலே பாதிப் பணம் கையில் நிற்கும்.

1. உட்காரும் முன்: ஆவணம், செலவு, நோட்டு

முதலில் சட்டம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் இணைய விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, பணம் கட்டி ஆடும் போக்கர் தளங்களை இந்தியாவில் நடத்த அனுமதி இல்லை. யாராவது வெளிநாட்டுத் தளத்தின் லிங்க் அனுப்பி, வி.பி.என். போட்டு ஆடலாம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பணம் முடங்கினால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்காது. பழகுவதற்குக் காசில்லாமல் ஆடும் செயலிகளே போதும். நேரில் பணம் வைத்து ஆட வேண்டுமானால், கோவா போல உரிமம் பெற்ற கூடங்கள் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நுழைய 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். புகைப்படத்துடன் கூடிய அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

அடுத்து செலவு. சிப் வாங்கும் முன் கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள். நுழைவுக் கட்டணத்தில் எவ்வளவு சிப்பாகத் திரும்பக் கிடைக்கும்? ஒவ்வொரு பாட்டிலிருந்தும் கூடம் எடுக்கும் ரேக் எத்தனை சதவீதம், அதற்கு உச்சவரம்பு என்ன? ஜி.எஸ்.டி. எந்தத் தொகையின் மேல், எப்படிப் பிடிக்கப்படுகிறது? சூதாட்டக் கூடங்களுக்கான ஜி.எஸ்.டி. விகிதம் 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். ஆகவே இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காமல் சிப்பைத் தொடாதீர்கள்.

ஒருமுறை உட்கார 100 பிக் பிளைண்ட் என்பது வழக்கமான அளவு. 100/200 பிளைண்ட் மேசையில் அது 20,000 ரூபாய். அதைப் போல 20 முதல் 30 மடங்கு பணத்தை, வாடகைக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ தொடர்பில்லாமல் தனியாக ஒதுக்கி வைத்திருப்பவர்தான் அந்த மேசையில் உட்காரலாம் என்பது ஆட்டக்காரர்களிடையே பழகிய கணக்கு. அதற்கு வழியில்லை என்றால் இன்னும் சின்ன பிளைண்டுக்குப் போங்கள். கட்டுரையில் சொல்லும் எல்லாமே எந்த அளவு மேசைக்கும் பொருந்தும். பணம் போகுமோ என்று கை நடுங்குகிற மேசையில் மட்டும் எதுவும் பொருந்தாது.

கடைசியாக, ஒரு சின்ன நோட்டு அல்லது கைப்பேசியில் ஒரு குறிப்புப் பக்கம். அதில் என்ன எழுதுவது என்பதை 9-ஆம் படியில் சொல்கிறேன்.

2. உங்கள் சீட்டை மறந்துவிட்டு அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்

சி-பெட் வந்ததும் கண் தானாக நம் இரண்டு சீட்டுக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

ஜோடி இல்லாத இரண்டு சீட்டு கையில் இருந்தால், ஃப்ளாப்பில் அவற்றில் ஒன்றாவது ஜோடி சேர்வது சுமாராக மூன்றில் ஒரு முறைதான். இது உங்களுக்கும் அவருக்கும் ஒரே மாதிரிதான். ஆக, ஃப்ளாப்பைத் தவறவிட்ட நிலையிலேயே அவர் பல முறை பெட் வைத்துக்கொண்டிருக்கிறார். அவர் முன்னால் ரெய்ஸ் செய்தவர் என்ற ஒரே காரணத்தால் நாம் பயப்படுவோம் என்பதுதான் சி-பெட்டின் பலம்.

ஆனால் எங்கிருந்து ரெய்ஸ் செய்தார் என்பது முக்கியம். முதல் இடங்களில் உட்கார்ந்து, பின்னால் ஆறேழு பேர் காத்திருக்கும்போது ரெய்ஸ் செய்பவரிடம் பெரிய ஜோடியும் ஏஸ்-ராஜா மாதிரியான கையும் அதிகம் இருக்கும். பட்டனில் இருந்து ரெய்ஸ் செய்பவர் தனக்கு வரும் கைகளில் ஏறக்குறைய பாதியை ரெய்ஸ் செய்துவிடுவார். முன்னவரின் சி-பெட்டுக்குக் கொடுக்கும் மரியாதையைப் பின்னவருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

ஃப்ளாப் பார்க்க எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் எண்ணுங்கள். நீங்களும் அவரும் மட்டும் என்றால் வெறுங்கையோடு பெட் வைப்பது சகஜம். நாலு பேர் இருக்கும் பாட்டில், யாராவது ஒருவரிடம் ஏதாவது இருக்கும் என்று தெரிந்தும் ஒருவர் பெட் வைக்கிறார் என்றால் அவரிடம் சரக்கு இருக்கிறது. இந்த வழிகாட்டியில் இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இருவர் மட்டும் உள்ள பாட்டைப் பற்றியது. மூன்று, நான்கு பேர் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு படி இறுக்கிக்கொள்ளுங்கள்.

3. ஃப்ளாப் யாருக்கு உதவுகிறது என்று கேளுங்கள்

பட்டன் 600-க்கு ரெய்ஸ் செய்தார், நீங்கள் பிக் பிளைண்டில் கால் செய்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விழுந்த ஃப்ளாப் ராஜா, 7, 2. மூன்றும் வேறு வேறு நிறம் (ஆர்ட்டின், கிளாவர் போன்ற ரகம்). ஏஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஏஸ்-ராஜா போன்ற கைகள் உங்களிடம் இருந்திருந்தால் முன்பே மறு-ரெய்ஸ் செய்திருப்பீர்கள். அவையெல்லாம் அவரிடம்தான் இருக்க முடியும். டிரா (இன்னும் ஒரு சீட்டு வந்தால் ஃப்ளஷோ ஸ்ட்ரெயிட்டோ ஆகும் கை) என்று சொல்லவும் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட காய்ந்த ஃப்ளாப்பில் விவரம் தெரிந்த ஆட்டக்காரர் கையில் என்ன இருந்தாலும் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டுப் பார்ப்பார். ஏஸ் பெரிதாக விழுந்த ஃப்ளாப்பும், ராணி-ராணி-4 போல ஜோடி விழுந்த ஃப்ளாப்பும் ஏறத்தாழ இதே ரகம். இங்கே சின்ன பெட் எதையும் சொல்வதில்லை.

இப்போது 9, 8, 6 விழுந்து, அதில் இரண்டு ஆர்ட்டின் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10-7, 7-5, 9-8, சின்ன ஜோடிகள் எல்லாம் பிக் பிளைண்டில் கால் செய்த உங்களிடம் இருக்கக்கூடியவை. ரெய்ஸ் செய்தவரிடம் பெரிய ஜோடி இருந்தாலும், அவருக்கு உள்ளூர உதைப்பு இருக்கும். ஆகவே நல்ல ஆட்டக்காரர் இங்கே நிறைய முறை செக் செய்வார் (பெட் வைக்காமல் விடுவார்). அதையும் மீறிப் பாட்டில் முக்கால் பங்கு போடுகிறார் என்றால், பெரிய ஜோடியோ வலுவான டிராவோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. பழக்கத்தில் எல்லா ஃப்ளாப்பிலும் சி-பெட் வைக்கும் ஆளுக்கு இந்த வேறுபாடே தெரியாது. அவர் 9-8-6-இலும் ராஜா-7-2-இலும் ஒரே அளவு போடுவார். அப்படிப்பட்டவரிடம், 9-8-6 போல டிரா நிறைந்த ஈரமான ஃப்ளாப்பில்தான் உங்களுக்கு வேட்டை.

4. விலையைக் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள். ஆட்டம் முழுவதையும் தாங்குவது இந்தக் கணக்குத்தான்.

மேலே சொன்ன அதே மேசை. அவர் 600, நீங்கள் 600, விலகிய ஸ்மால் பிளைண்டின் 100. பாட் 1,300. இப்போது அவர் எவ்வளவு போடுகிறார் என்பதைப் பொறுத்து உங்களுக்கு வேண்டிய வெற்றி வாய்ப்பு மாறும். நீங்கள் போட வேண்டிய தொகையை, நீங்கள் கால் செய்த பிறகு நிற்கும் மொத்த பாட்டால் வகுத்தால் போதும்.

400 போட்டால்: 400-ஐ 2,100-ஆல் வகுக்க, 19 சதவீதம்.
650 போட்டால்: 650-ஐ 2,600-ஆல் வகுக்க, 25 சதவீதம்.
900 போட்டால்: 900-ஐ 3,100-ஆல் வகுக்க, 29 சதவீதம்.
1,300 போட்டால்: 1,300-ஐ 3,900-ஆல் வகுக்க, 33 சதவீதம்.

அதாவது அவர் 400 போடும்போது, ஐந்தில் ஒரு முறை ஜெயித்தாலே உங்கள் கால் நட்டமில்லை. ரேக்கும் கழியும் என்பதால் ஒரு சதவீதம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். வெறுங்கையோடு 400 போட்டு 1,300-ஐ எடுக்கப் பார்க்கிறார். நீங்கள் நாலில் ஒரு முறை ஃபோல்டு செய்தாலே அவருக்குக் கைக்காசு போகாது. 650 போட்டால் மூன்றில் ஒரு முறை. முழுப் பாட்டையும் போட்டால்தான் இரண்டில் ஒரு முறை. ஜோடி சேராத போதெல்லாம் ஃபோல்டு என்பது உங்கள் வழக்கமானால், மூன்றில் இரண்டு முறை அவருக்குப் பாட்டை இனாமாகக் கொடுக்கிறீர்கள். அந்த 400 ரூபாய் பெட் அவருக்கு அச்சடித்த பணம்.

அதற்காக எல்லாவற்றையும் கால் செய்யச் சொல்லவில்லை. சின்ன பெட்டுக்கு எதிராக எந்த ஜோடியையும், எந்த நேரடி டிராவையும், பெரிய சீட்டோடு பின்வாசல் டிராவும் (டர்ன், ரிவர் இரண்டும் சேர்ந்தால்தான் ஆகும் டிரா) சேர்ந்த கைகளையும் விடாதீர்கள். பெட் பெரிதாக ஆக, அடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

டிராக்களுக்கு மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டியவை இவை. ஃப்ளஷ் டிராவுக்கு 9 சீட்டு: அடுத்த சீட்டிலேயே சேர 19 சதவீதம், ரிவர் வரை போனால் 35. இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெயிட் டிராவுக்கு 8 சீட்டு: 17, 31. நடுவில் ஒரு சீட்டு மட்டும் வேண்டிய ஸ்ட்ரெயிட்டுக்கு 4 சீட்டு: 9, 16. மேசையில் உட்கார்ந்து வகுத்துக்கொண்டிருக்க முடியாது. சீட்டு எண்ணிக்கையை ஒரு சீட்டுக்கு 2-ஆலும் இரண்டு சீட்டுக்கு 4-ஆலும் பெருக்கினால் பக்கத்தில் வந்துவிடும்.

இங்கேதான் பலர் விழுகிற பள்ளம்: ஃப்ளாப்பில் நின்றுகொண்டு 35 சதவீதத்தை நம்பி கால் செய்வது. டர்னில் அவர் மறுபடி பெட் வைத்தால் அதற்கும் காசு கொடுக்க வேண்டும். இரண்டு சீட்டையும் ஒரே விலைக்குப் பார்க்க முடியும் என்று தெரிந்தால் மட்டும், உதாரணத்துக்கு அவர் ஆல்-இன் (கையிலுள்ள சிப் முழுவதும்) போட்டுவிட்டால், 35 என்று எண்ணுங்கள். மற்ற நேரங்களில் 19-தான் உங்கள் எண். மிச்சத்தை, சீட்டு சேர்ந்த பிறகு அவரிடமிருந்து எவ்வளவு எடுக்க முடியும் என்பதால் ஈடுகட்ட வேண்டும். அவர் முன்னால் சிப் நிறைய இருந்தால் ஈடாகும். 3,000 மட்டும் மிச்சம் வைத்திருப்பவரிடம் ஆகாது.

5. ஆளைப் படியுங்கள், ஆனால் எண்ணிக்கையை நம்பாதீர்கள்

இணையத்தில் ஆடியவர்கள் 'அவருடைய சி-பெட் 70 சதவீதம்' என்று புள்ளிவிவரத்தோடு பேசுவார்கள். நேரில் அது நடக்காது. ஒரு மணி நேரத்துக்கு 25 முதல் 30 கை வரைதான் ஓடும். ஒருவர் ஆறில் ஒரு கையை ரெய்ஸ் செய்கிறார் என்றால் மணிக்கு நான்கைந்து. அதிலும் சில ஃப்ளாப்புக்கு முன்பே முடிந்துவிடும். ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்தாலும் ஒரே ஆளிடமிருந்து பத்துப் பதினைந்து சி-பெட்தான் பார்ப்பீர்கள். அதை வைத்து சதவீதம் சொல்வது குருட்டாம்போக்கு.

அதற்குப் பதில், சீட்டைத் திருப்பிக் காட்டும் நேரத்தில் கண்ணை எடுக்காதீர்கள். நீங்கள் அந்தக் கையில் இல்லாவிட்டாலும் பாருங்கள். முதல் இடத்தில் ரெய்ஸ் செய்தவர் எந்தச் சீட்டைக் காட்டினார்? ஃப்ளாப்பில் என்ன அளவு போட்டார்? டர்னில் தொடர்ந்தாரா, நின்றாரா? இரண்டே இரண்டு முறை இப்படிப் பார்த்தால், இருபது பெட்டை எண்ணுவதைவிட அதிகம் தெரிந்துவிடும்.

சின்ன பிளைண்ட் மேசைகளில் மூன்று வகை ஆள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். ஃப்ளாப்பில் ஒருமுறை போட்டுவிட்டு, கால் வந்தால் டர்னில் கையை மடக்கிக்கொள்பவர் ஒருவர். இவர்தான் உங்களுக்கு வருமானம். அடுத்தவர், ஜோடியாவது இருந்தால் மட்டும் பெட் வைப்பவர். இவருடைய சி-பெட்டுக்கு மரியாதையாக விலகிவிடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. மூன்றாமவர் ஃப்ளாப், டர்ன், ரிவர் என்று மூன்று தெருவிலும் போட்டுக்கொண்டே போவார். அவரிடம் நல்ல ஜோடி வந்தால் ரெய்ஸ் செய்து விரட்டாமல், கால் செய்தே கடைசி வரை கூட்டிப்போங்கள்.

அளவை வைத்துத் தன் கையைச் சொல்லிவிடுபவர்களும் உண்டு. கையில் இருந்தால் பெரிதாக, இல்லையென்றால் சின்னதாகப் போடுவார்கள். சிலர் நேர் எதிர். சீட்டைத் திருப்பும்போது எந்த வகை என்று குறித்துக்கொண்டால், அந்த இரவு முழுவதற்கும் அது உதவும்.

6. கால் எப்போது, ரெய்ஸ் எப்போது

இரண்டாவது ஜோடி (ஃப்ளாப்பின் நடுச் சீட்டோடு சேரும் ஜோடி) என்பதுதான் புதியவர்களை மிகவும் குழப்பும் கை. அதே 1,300 பாட். உங்களிடம் 8-7. ஃப்ளாப் ராஜா, 8, 3, மூன்று நிறம். அவர் 400 போடுகிறார். கால் செய்யுங்கள், யோசிக்கவே வேண்டாம். உங்களுக்குத் தேவை 19 சதவீதம். ராஜா இல்லாத பெரும்பாலான கைகளுக்கு எதிராக நீங்கள் முன்னால் இருக்கிறீர்கள்; 9 முதல் ராணி வரையிலான ஜோடிகள், ஏஸ் ஜோடி, 8 ஜோடி, 3 ஜோடி, ஏஸ்-8 போல பெரிய சீட்டோடு வரும் 8, 8-3 ஆகியவைதான் விலக்கு. ரெய்ஸ் மட்டும் செய்யாதீர்கள். ரெய்ஸ் செய்தால் வெறுங்கைகள் ஓடிவிடும், ராஜா மட்டும் மிஞ்சும். நன்றாகத் தோற்பதற்கான ஏற்பாடு அது.

ரெய்ஸ் செய்ய இரண்டு ரகக் கைதான் தோது. ஒன்று, இரண்டு ஜோடி, ட்ரிப்ஸ் (ஒரே மதிப்பில் மூன்று சீட்டு), ஸ்ட்ரெயிட் போன்று பாட்டைப் பெருக்க விரும்பும் கை. இன்னொன்று, இப்போது எதுவும் இல்லாவிட்டாலும் நிறைய சீட்டில் சேரக்கூடிய டிரா.

இரண்டாவதற்கு ஓர் உதாரணம். உங்களிடம் ஆர்ட்டினில் 8-6. ஃப்ளாப் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 7, கிளாவர் 4. நீங்கள் செக், அவர் 650. ஃப்ளஷுக்கு 9 ஆர்ட்டின். ஸ்ட்ரெயிட்டுக்கு 5-ம் 10-ம், ஆர்ட்டினைக் கழித்தால் இன்னும் 6. மொத்தம் 15 சீட்டு. ரிவர் வரை போனால் 54 சதவீதம் ஏதாவது ஒன்று சேரும். இப்போது 2,000-க்கு செக்-ரெய்ஸ் செய்யுங்கள். 2,000 போட்டு, அங்கே கிடக்கும் 1,950-ஐ எடுக்கப் பார்க்கிறீர்கள். வெறுங்கை என்றால் பாதிக்கு மேல் அவர் ஃபோல்டு செய்தால்தான் லாபம். உங்களிடம் இருப்பது வெறுங்கை அல்ல என்பதால் அதைவிடக் குறைவாக விலகினாலும் போதும். அவர் கால் செய்தாலும் பாட் பெரிதாகிறது, உங்களுக்கும் சேர வாய்ப்பு இருக்கிறது.

அளவு விஷயத்தில், அவர் பெட்டைப் போல மூன்று மடங்கு, சின்ன சி-பெட் என்றால் மூன்றரை, நான்கு மடங்கு. இரண்டு மடங்கு மட்டும் போட்டால் அவருக்கு மலிவு விலையில் எல்லாவற்றையும் பார்க்க வழி விடுகிறீர்கள்.

பட்டனில் இருந்து விளையாடும்போது இன்னொரு வழி இருக்கிறது: கையில் அதிகம் இல்லாமல் கால் செய்து, டர்னில் அவர் செக் செய்தால் பாட்டை எடுத்துக்கொள்வது. ஆட்டக்காரர்கள் ஃப்ளோட் என்பார்கள். நடு இடத்திலிருந்து 600 ரெய்ஸ், நீங்கள் பட்டனில் ஜாக்கி-10 வைத்து கால், பிளைண்ட் இருவரும் விலகினார்கள். பாட் 1,500. ஃப்ளாப் ராணி, 8, 3. அவர் 500. உங்களுக்கு 9 வந்தால் ஸ்ட்ரெயிட். கால் செய்கிறீர்கள். பாட் 2,500. டர்னில் 4 விழுகிறது, அவர் செக். இப்போது 1,400 போட்டால், அவர் 36 சதவீதம் விலகினாலே கைக்குக் கை சரி. முதல் வகை ஆளாக இருந்தால் அதைவிட எவ்வளவோ அதிகம் விலகுவார்.

ஃப்ளோட் செய்ய மூன்றும் வேண்டும்: நீங்கள் அவருக்குப் பின்னால் ஆடும் இடம், டர்னில் நிற்கிற சுபாவம் உள்ள ஆள், ஒப்புக்காவது ஒரு டிரா. பிக் பிளைண்டில் உட்கார்ந்து, முதலில் பேச வேண்டிய இடத்தில் இதைச் செய்யாதீர்கள். டர்னில் அவர் நிற்பாரா என்று தெரியும் முன்பே நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

7. டர்ன்: பணம் உண்மையில் போகிற இடம்

ராஜா-8-3 கைக்கே திரும்புவோம். நீங்கள் 8-7 வைத்து 400 கால் செய்தீர்கள். பாட் 2,100. டர்னில் ஒரு சீட்டு விழுகிறது, நீங்கள் செக் செய்கிறீர்கள், அவர் 1,400 போடுகிறார். 1,400-ஐ 4,900-ஆல் வகுக்க 29 சதவீதம். முன்பு ஐந்தில் ஒரு முறை ஜெயித்தால் போதும் என்றிருந்தது, இப்போது மூன்றரையில் ஒரு முறை ஜெயிக்க வேண்டும். அதோடு ரிவரில் இன்னும் பெரிய பெட் ஒன்று காத்திருக்கிறது.

சின்ன பிளைண்ட் மேசைகளில் இந்த இரண்டாவது பெட்டை நம்புங்கள். ஃப்ளாப்பில் வெறுங்கையோடு போடுவது எல்லோருக்கும் பழகிவிட்டது. கால் வாங்கிய பிறகும் வெறுங்கையோடு இரண்டாவது முறை போட நெஞ்சழுத்தம் வேண்டும், அது பலரிடம் இல்லை. ஆகவே ஃப்ளாப்பில் கால் செய்த இரண்டாவது ஜோடியை, டர்னில் பெரிய பெட்டுக்கு எதிராகக் கீழே போடுவது தோல்வி அல்ல. அந்த 400 வீணாகவும் இல்லை; அவர் தொடர்வாரா நிற்பாரா என்று பார்க்கக் கொடுத்த சரியான விலை அது.

டர்ன் சீட்டு என்னவென்பதும் பேசும். ஏஸ் விழுந்தால் அது ரெய்ஸ் செய்தவருக்குச் சாதகம். வெறுங்கையோடும் போடுவார், ஏஸோடும் போடுவார். எப்படியானாலும் உங்கள் 8 சுருங்கிவிட்டது. 2 போன்ற ஒன்றுமில்லாத சீட்டு விழுந்தும் பெரிதாகப் போடுகிறார் என்றால், ஃப்ளாப்பிலேயே இருந்த கைதான் பேசுகிறது. 6 விழுந்தால் உங்களுக்கு ஏதோ சேர்ந்திருக்கலாம் என்று அவர் அஞ்ச வேண்டும். அப்போதும் போட்டால் வலு அதிகம்.

ஆகவே ஃப்ளாப்பில் கால் சொல்வதற்கு முன்பே மனதுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: டர்னில் எந்தச் சீட்டு வந்தால் தொடர்வேன், எதற்கு விலகுவேன்? பதில் வரவில்லையென்றால், பெரும்பாலும் ஃப்ளாப்பிலேயே விலகுவது மேல்.

மறு-ரெய்ஸ் நடந்த பாட்டில் இது இன்னும் சுருக்கமாக முடியும். 100 பிளைண்ட் வைத்து ஆடும்போது ஃப்ளாப்புக்கு முன்பே ஒவ்வொருவரும் 10 பிளைண்ட் போட்டுவிட்டால் பாட் 20, மிச்சம் 90. இரண்டு மூன்று பெட்டில் எல்லாம் உள்ளே போய்விடும். அங்கே நல்ல மேல்-ஜோடி (ஃப்ளாப்பின் பெரிய சீட்டோடு சேரும் ஜோடி) கிடைத்தால் விலக இடமில்லை. கிடைக்கவில்லையென்றால் சீக்கிரம் விலகுங்கள்.

8. நேரமும் நடத்தையும்

உடனே பெட் வைத்தால் பலவீனம், யோசித்து வைத்தால் பலம் என்று சிலர் சூத்திரம் சொல்வார்கள். பொதுவாக எடுத்தால் அது தேறாது. ஒரே ஆள் வழக்கத்துக்கு மாறாக நடக்கிறாரா என்பது மட்டும் உதவும். எப்போதும் பத்து விநாடி எடுப்பவர் இந்த முறை ஃப்ளாப்பைக்கூடப் பார்க்காமல் சிப்பைத் தள்ளினால், அது முன்பே முடிவு செய்த பெட். ஃப்ளாப்போடு அதற்குத் தொடர்பு குறைவு.

உங்கள் நேரத்தைச் சீராக வையுங்கள். எளிய முடிவானாலும் கடினமான முடிவானாலும் ஐந்தாறு விநாடி எடுங்கள். உடனடியாக கால் செய்தால், 'டிராவோ நடு ஜோடியோ வைத்திருக்கிறேன்' என்று நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகும்.

நேரடி மேசையில் ஒரு விதி புதியவர்களின் காசைத் தின்னும். 400 பெட்டுக்கு எதிராக நீங்கள் வாய் திறக்காமல் ஒரே ஒரு 1,000 சிப்பைப் போட்டால், பெரும்பாலான கூடங்களில் அது வெறும் கால் என்றே கொள்ளப்படும். ரெய்ஸ் செய்ய வேண்டுமானால் முதலில் 'ரெய்ஸ்' என்று சொல்லி, தொகையையும் சொல்லிவிட்டு அப்புறம் சிப்பைத் தொடுங்கள். இரண்டு தவணையாகச் சிப்பைத் தள்ளுவதும் செல்லாது.

9. ஆடி முடித்ததும் எழுத வேண்டியது

எழுந்து தேநீர் குடிக்கப் போகும்போதே எழுதிவிடுங்கள், மறுநாள் நினைவிருக்காது. ஜெயித்த கையைவிட, குழப்பிய கையைத்தான் எழுத வேண்டும். ஒரு கைக்கு இவ்வளவு போதும்: அவர் ரெய்ஸ் செய்த இடம், உங்கள் இடம், இருவர் முன்னாலும் இருந்த சிப், ஃப்ளாப், அவர் போட்ட அளவு பாட்டில் எத்தனை பங்கு, நீங்கள் செய்தது, டர்ன், கடைசியில் காட்டிய சீட்டு. மேசையில் எழுதினால் 'பட்டன் 600, நான் பி.பி. 8-7, ரா-8-3, 400 கால், டர்ன் 2, 1,400 ஃபோல்டு' என்று ஒரு வரிக்குள் அடங்கிவிடும் (பி.பி. என்பது பிக் பிளைண்ட்).

வீட்டுக்கு வந்து அந்தக் கைகளை ஈக்விலாப் மாதிரியான இலவச மென்பொருளில் போட்டுப் பாருங்கள். அவரிடம் இருந்திருக்கக்கூடிய கைகளை நீங்களே தேர்ந்து கொடுத்தால், அவற்றுக்கு எதிராக உங்கள் கைக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும். 4-ஆம் படியில் கண்ட விலையோடு ஒப்பிட்டால் கால் சரியா தவறா என்று தெரியும். ஜி.டி.ஓ. விசார்டு போன்ற பெரிய கருவிகள் கற்றுத்தரும், ஆனால் அவை இரு பக்கமும் பிழையில்லாமல் ஆடுவதாக வைத்துக் கணக்கிடுபவை. டர்னில் பயந்து நிற்கும் ஆளுக்கு எதிராக அவற்றின் பதில் அப்படியே பொருந்தாது. முதலில் விலைக் கணக்கு கையில் படியட்டும், அவற்றுக்கு அப்புறம் போகலாம்.

இன்னொன்று: கையை மேசையில் ஆடிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் இப்படிப்பட்ட கருவியைத் திறக்காதீர்கள். எந்தக் கூடத்திலும் அது அனுமதி இல்லை, எழுப்பி வெளியே அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை உட்காரும் முன், நோட்டில் கடைசியாக எழுதிய நான்கைந்து கைகளை ஒருமுறை படியுங்கள். அதே ஆள் எதிரில் வந்து உட்கார்ந்தால், எந்த வகை என்று முதல் சி-பெட்டுக்கு முன்பே தெரிந்திருக்கும்.